எஸ்யூவியும் பனிக்காலமும்: டயர், சக்கரம், பிடிப்புப் பொத்தான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலில் வண்டி ஓட்டிப் பழகிவிட்டுப் பனி விழும் நாட்டில் எஸ்யூவி வாங்கியவர்கள், முதல் பனி விழுந்த வாரத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். எண்களில் எங்காவது உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால், கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. என் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் போகிறது. அப்புறம் எதற்குப் பனிக்கால டயர்?

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் என்பது எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. வளைவில் வண்டி பாதையை விட்டு விலகாமல் இருப்பதும் டயரின் பிடிப்பால்தான். ஆகவே இந்த இரண்டு விஷயத்திலும் உங்கள் எஸ்யூவிக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. பனிக்கால டயர் போட்ட சின்னக் கார் ஒன்று, கோடை டயரோடு வரும் எஸ்யூவிக்கு முன்பே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரணக் காரில் கிளம்பும்போதே சக்கரம் வீணாகச் சுழலும். சாலை வழுக்குகிறது என்று ஓட்டுநருக்கு உடனே புரிந்துவிடும். நான்கு சக்கர இயக்கம் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. வண்டி சிரமமில்லாமல் வேகம் எடுக்கிறது. வழுக்கல் முதன்முதலில் தெரியவருவது பிரேக்கை மிதிக்கும்போதுதான். பனி கொட்டிய மறுநாள் சாலையோரப் பள்ளங்களில் எஸ்யூவிகள் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

2. பனிக்கால டயரில் அப்படி என்னதான் இருக்கிறது? அதுவும் கறுப்பு ரப்பர்தானே? விற்பனைத் தந்திரம் போலத் தெரிகிறது.

ரப்பர்தான், ஆனால் கலவை வேறு. கோடை டயரின் ரப்பர் சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க அது இறுகி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாமல் போகிறது. பனிக்கால டயரின் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி அமைக்கப்பட்டது. உறைகுளிர்க் காலையில் இரண்டு டயரிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். ஒன்றில் நகம் பதியும், மற்றதில் வழுக்கும்.

அடுத்தது டயரின் முகப்பு, அதாவது தரையைத் தொடும் பகுதி. பனிக்கால டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் பிளேடால் கீறியது போல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் உருளும்போது இவை விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் தரையைக் கவ்வுகின்றன. பனிக்கட்டியின் மேல் இருக்கும் நீர்ப்படலத்தையும் உள்வாங்கிக்கொள்கின்றன. அகலமான பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பனி பனியோடு நன்றாகவே ஒட்டும். அதற்காகத்தான் அந்தப் பள்ளங்கள்.

தந்திரமா என்றால், இது நேற்று முளைத்த சரக்கு அல்ல. இன்றைய நோக்கியன் டயர்ஸ் நிறுவனத்தின் முன்னோடி, பின்லாந்தில் 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் பனிக்கால டயர் செய்து விற்றது.

3. டயரின் பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று பொறித்திருக்கிறது. அது போதாதா?

போதாது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே தரும் வாக்குமூலம் அது. முகப்பின் பள்ள அமைப்பை வைத்துப் பொறிக்கப்படுகிறது. எந்தப் பனிச் சோதனையிலும் தேறியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் தேடவேண்டியது வேறு: மூன்று சிகரங்கள் கொண்ட மலையின் வடிவமும் அதற்குள் ஒரு பனிப்பூவும். இறுகிய பனியில் நடக்கும் சோதனையில், ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்டினால்தான் இந்த முத்திரை கிடைக்கும். வட அமெரிக்காவில் இது 1999-இல் வந்தது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச் சாலைக்கு இந்த மலை முத்திரை உள்ள டயரே செல்லும். எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் சட்டப்படி அது பனிக்கால டயர் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. மலை முத்திரைக்கான சோதனை பனியில் நடப்பது, கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் அல்ல. பனிக்கட்டிக்கென்று தனிச் சோதனை உண்டு. அதில் தேறிய டயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர்ச் சீட்டில் 2021 முதல் தனிச் சின்னம் தருகிறார்கள். உங்கள் சாலைகளில் பனியைவிடக் கட்டிதான் அதிகம் என்றால் அந்தச் சின்னத்தையும் பாருங்கள்.

4. எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்று விற்கிறார்களே, மாற்றும் தொல்லையே இல்லையே?

மலை முத்திரை உள்ள எல்லாப் பருவ டயர், மிதமான குளிர் உள்ள இடத்துக்குப் போதும். ஆண்டுக்குச் சில நாள் பனி விழும், அதையும் உடனே வாரிவிடுவார்கள் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சாலை வெள்ளையாகவே கிடக்கும் இடத்தில் அது சமரசம்தான்: கோடையிலும் முழுமை இல்லை, குளிரிலும் இல்லை. முத்திரை இல்லாத எல்லாப் பருவ டயர் என்றால், 3-ஆம் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

5. என்னுடையது பெரிய பெரிய கட்டைகள் கொண்ட ஆல் டெரெய்ன் டயர். பார்த்தாலே பனியைக் கிழித்துக்கொண்டு போகும் போல இருக்கிறது. அது சரிதானே?

எஸ்யூவி வைத்திருப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்தத் தோற்றம்தான். ஆழமான புதுப்பனியில் பெரிய கட்டைகள் உண்மையிலேயே நன்றாகத் தோண்டிச் செல்லும். ஆனால் நாம் ஓட்டுவது பெரும்பாலும் பிற வண்டிகள் ஏறி மிதித்து இறுக்கிய பனியிலும் பனிக்கட்டியிலும். அங்கே வேண்டியது ஆழமான பள்ளம் அல்ல. இளகிய ரப்பரும் எண்ணற்ற சிறு விளிம்புகளும். பெரிய, திடமான கட்டையில் இவை இரண்டுமே குறைவு.

மலை முத்திரை பெற்ற ஆல் டெரெய்ன் டயர்கள் இருக்கின்றன. முத்திரை இல்லாதவற்றைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பனிக்கட்டியில் பிரேக் பிடிக்கும்போது, அந்த வேலைக்கென்றே செய்த டயரின் பக்கத்தில் அவை நிற்க முடியாது. சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரைப் பனிக்கட்டிச் சாலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

6. செலவு அதிகம். இரண்டு மட்டும் வாங்கி, இழுக்கும் சக்கரங்களில் போடலாமா?

கூடாது. முன்னால் மட்டும் பனிக்கால டயர் போட்டால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் கவ்வும். பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்க்கும். வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகும். இரண்டுமே வேண்டாத அனுபவங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தில் இதோடு இயந்திரச் சிக்கலும் சேர்கிறது. டயரின் முகப்பு ஆழத்தில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால், சுற்றளவில் சுமார் 25 மி.மீ. வித்தியாசம் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போகின்றன. அந்த முரண்பாட்டை, முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் இயக்கத்தைப் பங்கிடும் கப்ளிங் அல்லது டிஃபரன்ஷியல் ஓயாமல் சமாளித்துச் சூடேறித் தேய்கிறது. ஆகவே நான்கும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம்.

7. எப்போது மாற்றுவது? முதல் பனி விழட்டும் என்று காத்திருக்கிறேன்.

எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த வாரம் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைப்பதில்லை. காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே நிற்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். பனியே இல்லாவிட்டாலும் 2-ஆம் கேள்வியில் சொன்ன இறுக்கம் ஆரம்பித்துவிடும்.

சில இடங்களில் சட்டமே தேதி வைத்திருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ கட்டியோ இருந்தால் கட்டாயம். ஜெர்மனியில் தேதி இல்லை. சாலையின் நிலைதான் கணக்கு.

8. போன முறை போட்ட டயர்கள் கிடக்கின்றன. இன்னும் ஓடுமா?

முகப்பு ஆழத்தை அளந்து பாருங்கள். பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ. பனியில் அந்த அளவு வெறும் காகிதக் கணக்கு. 4 மி.மீ.க்குக் கீழே போனால் பள்ளங்களில் பனி அடைபட இடம் இல்லை. பல டயர்களில் மெல்லிய வெட்டுகளும் ஆழம் குறைந்து மறையத் தொடங்கியிருக்கும். ஆஸ்திரியாவில் 4 மி.மீ.க்குக் குறைந்தால் அதைப் பனிக்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. ஓரத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம் என்று பல இடங்களில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வயதும் முக்கியம். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். ரப்பர் கிடந்தாலும் இறுகிக்கொண்டேதான் இருக்கும். முகப்பு நன்றாக இருந்தும் பக்கவாட்டில் பொடி வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரைக் கழித்துவிடுங்கள்.

9. பனிக்குச் சின்ன ரிம் போடச் சொல்கிறார்கள். வண்டி பெரியது, சக்கரமும் பெரிதாக இருந்தால்தானே நல்லது?

ரிம் சின்னதானால் டயரின் பக்கவாட்டு உயரம் கூடும். மொத்த விட்டம் மாறக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 235/55 ஆர் 19 அளவுள்ள (அகலம் 235 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 19 அங்குலம்) டயரின் விட்டம் சுமார் 741 மி.மீ. 235/65 ஆர் 17 போட்டால் சுமார் 737 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதம்தான். வேகமானி ஏறக்குறைய பழையபடியே காட்டும். உயரமான பக்கவாட்டு, பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும். டயரின் விலையும் பெரும்பாலும் குறையும்.

கொஞ்சம் ஒடுக்கமான டயர் ஈரப் பனியையும் பனிச்சேற்றையும் அறுத்துக்கொண்டு தரையைத் தொடும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். ஆனால் இஷ்டத்துக்குச் சிறிதாக்க முடியாது. பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) ரிம்முக்குள் இடிக்கக்கூடாது, டயரின் சுமைக் குறியீடு வண்டிக்கு உரியதைவிடக் குறையக்கூடாது. எஸ்யூவி கனமான வண்டி என்பதால் சுமைக் குறியீட்டை அலட்சியம் செய்யவே கூடாது. கையேட்டிலோ கதவோரச் சீட்டிலோ அனுமதித்த அளவுகள் இருக்கும். அதற்குள் சின்னதைத் தேர்ந்தெடுங்கள்.

10. தனியாக ஒரு செட் ரிம் வாங்கத்தான் வேண்டுமா? இரும்பா, அலாயா?

கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால், டயரின் உள்விளிம்பு தேயும். ஒவ்வொரு முறையும் கூலி, பேலன்ஸிங் வேறு. சில ஆண்டுகளில் தனி ரிம்மின் விலை அதிலேயே வந்துவிடும். தனிச் செட் இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இரும்பு ரிம்மின் அழகு கொஞ்சம் மட்டம்தான். ஆனால் சாலையில் தூவும் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடிபட்டால் வளையும், எளிதில் உடையாது. அலாய் வாங்கினால் முழுவதும் பெயின்ட் பூசியதை வாங்குங்கள். முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கிய ரிம்மில் சிறு கீறல் விழுந்தாலும் உப்பு உள்ளே புகுந்து வெள்ளைப் புழுக்கோடுகளாக அரித்துவிடும். முக்கியமானது: இரும்பு ரிம்முக்கும் அலாய்க்கும் நட்டின் அமர்வு வடிவம் மாறலாம். கூம்பு வடிவ இருக்கையில் உருண்டை நட்டைப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஓடும்போது தளரும்.

11. வீட்டிலேயே மாற்றப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும், ரிம் வந்து அமரும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள்: துருப்பொருக்கு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொருக்கு, ஓடும்போது நொறுங்கிப்போகும். இறுக்கிய நட்டு தானாகத் தளர்ந்துவிடும். போல்ட்டின் மரைகளில் எண்ணெயோ கிரீஸோ பூசாதீர்கள். எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு நட்டு அதிகமாக இறுகி, போல்ட் நீண்டுபோகும்.

எல்லா நட்டையும் கையால் முடிந்தவரை ஏற்றிவிட்டு, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். கடைசி இறுக்கம், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால்தான். காலால் மிதித்து இறுக்குவது கணக்கில் சேராது. பல எஸ்யூவிகளில் இது 100 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், துல்லியமான எண் கையேட்டில். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். டயரில் சுழற்சி அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும் திசையைக் காட்ட வேண்டும். அம்புக்குறி தலைகீழானால் முகப்பின் வடிவமைப்பே வீண்.

12. குளிர்ந்த காலையில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கொஞ்ச தூரம் ஓடினால் அணைந்துவிடுகிறது. விளக்கில் கோளாறா?

விளக்கு சரியாகத்தான் சொல்கிறது. குளிர்ந்தால் காற்று சுருங்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறக்கத்துக்கும் 1 பிஎஸ்ஐ குறையும். 25 டிகிரியில் 35 பிஎஸ்ஐ பிடித்த டயரில், மைனஸ் 5 டிகிரிக் காலையில் 30 பிஎஸ்ஐதான் இருக்கும். ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறும், விளக்கு அணையும். அணைந்ததால் குறை தீர்ந்ததென்று ஆகாது.

வெளியே நின்ற வண்டியில், ஓட்டுவதற்கு முன், கதவோரச் சீட்டில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். கதகதப்பான கராஜில் பிடித்தால், வெளியே வந்ததும் மேலே சொன்ன கணக்குப்படி குறைந்துவிடும். அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிப் பிடிக்க வேண்டும். விளக்கு எரியும்வரை காத்திருப்பதும் சரியல்ல. அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். 35-க்கு அது ஏறக்குறைய 26. நைட்ரஜன் பிடித்தால் சுருங்காது என்பது கட்டுக்கதை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும்.

புதுச் செட்டில் சென்சார் இல்லாவிட்டால் சில வண்டிகளில் விளக்கு பனிக்காலம் முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். சக்கர வேகத்தை வைத்துக் கணிக்கும் முறை உள்ள வண்டிகளில் சென்சார் தேவையில்லை; டயர் மாற்றியதும் மெனுவில் புதிதாகப் பதிவு செய்தால் போதும்.

13. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்களே?

ஐஸ்லாந்தின் பனிப்பாறைகள் மேல் ராட்சத டயர் ஜீப்புகளை ஓட்டுபவர்கள் காற்றை மிக மிகக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆழப் பனியில் புதையாமல் மிதக்க, மெதுவாகப் போகும் வண்டியில் செய்யும் வித்தை அது. சாலையில் அதைச் செய்தால் ஸ்டியரிங் மந்தமாகும், டயரின் ஓரங்கள் தேயும், மெல்லிய வெட்டுகள் சரியாக விரியாது. சாலை என்றால் சீட்டில் உள்ள அளவுதான்.

14. ஆணி பதித்த டயர் வாங்கலாமா?

உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில், மேலே ஈரம் படிந்த பனிக்கட்டிதான் சாலைகளிலேயே மோசமானது. அங்கே ஆணிக்கு நிகர் இல்லை. வெறும் தார்ச் சாலையில் அதே ஆணி இரைச்சல் போடும், சாலையைச் சுரண்டித் தூசு கிளப்பும். ஈரத் தாரில் பிரேக் தூரமும் கூடலாம். ஜெர்மனி உட்படப் பல இடங்களில் தடை. அனுமதித்த இடங்களிலும் மாதக் கணக்கு உண்டு. உங்கள் பாதை தினமும் வாரப்படாத மலைச்சாலையோ கிராமச் சாலையோ என்றால் யோசிக்கலாம். நகரத்துக்குள் சுற்றுபவருக்கு ஆணியில்லாத நல்ல பனிக்கால டயரே போதும். வாங்கினால், முதல் சில நூறு கி.மீ. மென்மையாக ஓட்டி ஆணிகள் அமர விடுங்கள்.

15. சங்கிலியை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? நான்கும் இயங்குகிறதே?

இதற்குப் பொது விடை கிடையாது. கையேடு சொல்லும் அச்சில்தான் மாட்ட வேண்டும். முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்ட எஸ்யூவிகளில் பெரும்பாலும் முன்னால். சிலவற்றில் பின்னால் மட்டும். காரணம் இடைவெளி: சங்கிலி உள்ளே இருக்கும் பிரேக் குழாயிலோ சஸ்பென்ஷனிலோ உரசக்கூடாது. பெரிய ரிம் போட்ட சில வண்டிகளில் சங்கிலியே கூடாது என்று எழுதியிருக்கும். 9-ஆம் கேள்வியின் சின்ன ரிம்முக்கு இது இன்னொரு காரணம்.

வாங்கியதும் உலர்ந்த தரையில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், பனிச்சேற்றில் முழங்காலிட்டு, விறைத்த விரல்களோடு கொக்கியைத் தேடும்போது அந்த ஒத்திகையின் அருமை தெரியும். மாட்டிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். வேகம் 50 கி.மீ.க்கு மேல் வேண்டாம். பனி முடிந்து தார் தெரிந்தவுடன் கழற்றிவிடுங்கள்.

16. பனி முறை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் என்ன நடக்கிறது?

மாயம் எதுவும் நடப்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் என்ஜின் மெதுவாகவே பதில் சொல்லும். கியர் சீக்கிரம் மேலே ஏறும். சில வண்டிகள் இரண்டாம் கியரிலேயே கிளம்பும். சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் முன்கூட்டியே தலையிடும். நான்கு சக்கர இயக்கம் முன்பின் பங்கீட்டைச் சறுக்கல் தொடங்கும் முன்பே சரிசெய்துகொள்ளும்.

இந்தப் பொத்தான்கள் எல்லாம் இருக்கும் பிடிப்பைப் பங்கிடுபவை. புதிதாகப் பிடிப்பை உண்டாக்குபவை அல்ல. வாளித் தண்ணீரை எத்தனை குவளையில் ஊற்றினாலும் வாளியில் இருந்த அளவுதான். அந்த அளவைத் தீர்மானிப்பது டயர். வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் க்ரூஸ் கன்ட்ரோலை மட்டும் வழுக்குச் சாலையில் போடவே வேண்டாம்.

17. டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டால் பனியில் நன்றாகப் போகும் என்று நண்பர் சொன்னார். உண்மையா?

ஓடும்போது இல்லை, மாட்டிக்கொண்டால் மட்டும் சில சமயம் உண்மை. சக்கரம் சுழலத் தொடங்கியதும் டிராக்ஷன் கன்ட்ரோல் என்ஜினின் விசையைக் குறைத்து, சுழலும் சக்கரத்தில் பிரேக் போடுகிறது. ஆழப் பனியில் புதைந்து நிற்கும்போது இது வண்டியை மூச்சுத் திணற வைக்கும்: மிதிக்கிறீர்கள், எதுவும் நடப்பதில்லை. அப்போது அணைத்துவிட்டு, சக்கரத்தை மெல்லச் சுழலவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டி வெளியே வரலாம். வந்தவுடன் மறுபடி போட்டுவிடுங்கள்.

மாறாக, ஒரு பக்கச் சக்கரம் கட்டியிலும் மறுபக்கம் தாரிலும் நின்றால் அணைக்காதீர்கள். சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தினால்தான் விசை மறுபக்கம் போகும். எந்த நிலையிலும் சக்கரத்தை வெறிபிடித்தாற்போலச் சுழற்றாதீர்கள். அடியில் இருக்கும் பனி உருகி, வழவழப்பான கட்டியாகி, வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். என்ஜினை ஓட விட்டுக் காத்திருப்பதானால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அகற்றுங்கள். அடைபட்டால் நச்சுப்புகை உள்ளே வரும்.

18. 4எச், 4எல் என்று இரண்டு இருக்கிறது. பனிக்காலம் முழுவதும் 4எச்-இலேயே வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தானாகவே பங்கிட்டுக்கொள்ளும் வகை என்றால் வைத்துக்கொள்ளலாம். நெம்புகோலாலோ குமிழாலோ இணைக்கும் பகுதிநேர வகையில், 4எச் (வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும், பூட்டு விடாது. பனியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். உலர்ந்த தாரில் வழுக்க முடியாமல் அழுத்தம் முழுவதும் இயந்திரத்துக்குள் ஏறும்: ஸ்டியரிங் கனக்கும், திரும்பும்போது வண்டி உதறும். அப்படித் தோன்றினால் உடனே 2எச், அதாவது இரண்டு சக்கர இயக்கம்.

4எல் என்பது ஊர்ந்து போவதற்கு: செங்குத்தான ஏற்றம், இறக்கம், புதைந்த வண்டியை இழுத்தல். பல வண்டிகளில் 4எல் போட்டால், வண்டி சறுக்கித் திரும்பாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

19. எஸ்யூவி கனமானது. எடை அழுத்துவதால் பிடிப்பு கூடி, சீக்கிரம் நிற்கத்தானே வேண்டும்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எடை கூடினால் பிடிப்பு கூடும். ஆனால் நிறுத்தவேண்டிய பாரமும் அதே அளவு கூடும். கணக்கில் இரண்டும் அடிபட்டுப் போய்விடும். மீதம் இருப்பது வேகமும் உராய்வும்தான். மணிக்கு 50 கி.மீ.யில் போகும் வண்டி, உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த தாரில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 0.25 என்று வைத்தால் சுமார் 39 மீட்டர். பனிக்கட்டியில் 0.1 என்றால் சுமார் 98 மீட்டர். இவை பிரேக் பிடித்த பிறகான தூரம் மட்டுமே. கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. கனத்தால் எஸ்யூவிக்குக் கிடைப்பது ஒன்றுதான்: இடித்தால் அதிக பலமாக இடிக்கும்.

20. பனியில் பிரேக் மிதித்தால் மிதி கடகடவென்று காலை உதைக்கிறது. காலை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். அது, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அதிர்வு. அழுத்தியபடியே வைத்திருந்து, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் விட்டுவிட்டு மிதிக்கும் பழைய பழக்கம் தூரத்தைத்தான் கூட்டும்.

21. பனிக்குள் ஓட்டிவிட்டு நிறுத்தி வைத்தேன். மறுநாள் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் ஆடுகிறது. பேலன்ஸிங் போய்விட்டதா?

பட்டறைக்குப் போகும் முன் ரிம்மின் உட்பக்கத்தில் கைவிட்டுப் பாருங்கள். இரவில் அங்கே அடைத்த பனி ஒரு பக்கமாகக் கட்டியாகியிருக்கும். தட்டி எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இரும்புக் கம்பியால் குத்தாமல் மரக்கட்டையையோ வெந்நீரையோ பயன்படுத்துங்கள். உள்ளே அழுத்த சென்சாரின் வால்வு இருக்கிறது. சக்கரத்தை மூடிய வளைவுக்குள்ளும் பாருங்கள்: அங்கே இறுகிய பனி, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும்.

22. என்னுடையது மின்சார எஸ்யூவி. ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் குறைகிறது. பனியில் இது நல்லதுதானே?

சக்கரம் பிடிப்போடு இருக்கும்வரை நல்லது. கட்டியில் காலைச் சட்டென்று எடுத்தால், இயக்கும் சக்கரங்களில் மட்டும் பிரேக் விழுந்தது போல ஆகும். பின்சக்கர இயக்கம் என்றால் வால் வீசலாம். நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தலையிடும் என்றாலும், வழுக்குச் சாலையில், காலை எடுத்ததும் வேகத்தைக் குறைக்கும் இந்த அமைப்பைக் குறைந்த அளவில் வைப்பது நல்லது. பெட்ரோல், டீசல் வண்டியில் இறக்கத்தில் திடீரென்று கியரைக் குறைப்பதும் இதே விளைவைத் தரும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

23. பனிக்காலம் முடிந்தது. டயர் புதிதாகத்தான் இருக்கிறது. கோடையிலும் அதையே ஓட்டினால் என்ன?

இளகிய ரப்பர் சூடான தாரில் வேகமாகத் தேயும், பிரேக் தூரம் கூடும், வளைவில் வண்டி மிதப்பது போல இருக்கும். அடுத்த பனிக்கு வைத்திருந்த 4 மி.மீ.யைக் கோடையிலேயே கரைத்துவிடுவீர்கள்.

கழற்றும்போது எது எந்தச் சக்கரம் என்று சாக்குக்கட்டியால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை முன்பின் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமமாகும். உப்பைக் கழுவி, உலர்த்தி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம், தொங்கவும் விடலாம். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி வைத்து, அவ்வப்போது கொஞ்சம் உருட்டிவிட வேண்டும். மின்மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.